பந்து கையை விட்ட பிறகு

அலிப்பூரில் நான் வேலை பார்த்த அரசு நிறுவனத்தில் ஊழியர் மன்றம் என்று ஒன்று உண்டு. கேரம், சதுரங்கம், துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு நாடகம், அதோடு சரி. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் யாருக்கோ தோன்றி, பந்தை உருட்டிப் பத்துப் பின் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கையும் அதில் சேர்த்தார்கள். கல்கத்தாவில் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக பௌலிங் கூடங்கள் வந்துகொண்டிருந்தன. கரியாஹாட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு கூடம். வேலை முடிந்ததும் அங்கே எங்களுக்கு இரண்டு லேன், பந்து உருட்டும் பாதைகள், ஒதுக்கித் தருவதாகப் பேசி முடித்தார்கள்.

முதல் வாரம் கல்யாணக் கூட்டம் போல வந்தார்கள். கை வலிக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் தவறாமல் வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நானும், கணக்குப் பிரிவில் இருந்த, எல்லாரும் அக்கா என்ற பொருளில் தீதி என்று கூப்பிட்ட பெண்மணியும்.

தீதி என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பருத்திப் புடவை, அதைத் தூக்கிச் செருகிய இடுப்பு, வீட்டிலிருந்து கொண்டு வந்த வெள்ளை சாக்ஸ், கூடத்தில் வாடகைக்குத் தரும் சிவப்பும் நீலமுமான காலணி. இந்தக் கோலத்தில் அவர் லேன் முன்னால் நிற்கும்போது பக்கத்து லேனில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். தீதி அதையெல்லாம் பார்க்க மாட்டார். கூடத்தின் பொதுப் பந்துகளில் இருப்பதிலேயே லேசான ஆரஞ்சுப் பந்தை எடுப்பார். ஏதோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பது போல மெல்லக் குனிந்து உருட்டுவார். அது அவசரமே இல்லாமல் நேராகப் போய்ப் பின்களைச் சாய்க்கும். எல்லாம் விழாது, எட்டோ ஒன்பதோ விழும். மிச்சத்தை அடுத்த பந்தில் எடுத்துவிடுவார்.

நான் அப்படி இல்லை. எனக்குப் பந்தைத் திருப்ப வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி அங்கே பௌலிங் ஆடுவான். பொதுப் பந்து வெறும் பிளாஸ்டிக், அது எங்கே போனாலும் நேராகத்தான் போகும், திரும்புகிற பந்து வேறு என்று போனில் சொன்னான். என் கையை ஒரு காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, விரல் சுற்றளவை நூலால் அளந்து அனுப்பச் சொன்னான். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, என் விரல்களுக்கென்றே துளை போட்ட ஒரு கருநீலப் பந்து அவன் பெட்டிக்குள் துண்டுகளுக்கு நடுவில் இருந்தது.

அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தாள். "இவ்வளவு தூரம் இதையா தூக்கிண்டு வந்தே? அக்காவுக்கு ஒரு நல்ல புடவை வாங்கிண்டு வரக் கூடாதோ?"

"அவ கேட்டது இதைத்தாம்மா," என்றான் தம்பி.

எனக்கு முப்பது தாண்டிக் கல்யாணம் ஆகாமல் இருந்தது. எங்கள் பாலிகஞ்ச் ஃப்ளாட்டுக்குள் வரும் எந்தப் பொருளையும் அம்மா அந்த ஒரு கவலையோடு சேர்த்துத்தான் பார்ப்பாள்.

தம்பி இருந்த ஒரு வாரத்தில் என்னோடு கூடத்துக்கு வந்தான். லேனைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் தேய்த்துக்கொண்டான். "இங்கே எண்ணெயே போடறதில்லை போலிருக்கே," என்றான். அதுவரை லேன் என்றால் பளபளப்பான பலகை என்று மட்டும் நினைத்திருந்தேன். அதன் முன்பாதியிலும் அதற்குச் சற்று அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய் பூசியிருக்கும், கடைசிப் பகுதி மட்டும் காய்ந்திருக்கும் என்று அவன் சொன்னான். எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடம் வந்ததும் பிடித்துக்கொண்டு திரும்பும். எண்ணெய் நிறைய இருந்தால் திரும்பவே திரும்பாது. இல்லவே இல்லாவிட்டால் கையை விட்டவுடனே திரும்ப ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் பந்துக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. என் பந்தின் மேல்தோல் எண்ணெயை உறிஞ்சக்கூடிய வகை என்பதால் அதற்கு இதுதான் எல்லாம்.

எங்கள் கூடத்தில் எண்ணெய் போடும் இயந்திரம் பெரும்பாலும் ஒரு மூலையில் துணி மூடிக் கிடக்கும். அதனால் என் பந்து முதல் நாள் பாதி வழியிலேயே இடது பக்கமாக வளைந்து லேன் ஓரத்துப் பள்ளத்தில், சாக்கடை என்பார்கள் அதை, விழுந்தது. நான் நிற்கும் இடத்தை இடது பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில், ஏறக்குறைய பக்கத்து லேன்காரரின் மடியில் நிற்கிற அளவுக்குத் தள்ளி நின்று, வலது ஓரத்தை நோக்கி வேகமாக வீசினால் பந்து ஓரம் வரை போய், மனசு மாறினது போல் திரும்பி வந்து, தலைப் பின்னுக்கும் அதன் வலப்பக்கத்துப் பின்னுக்கும் இடையில் போய் இடித்தது. பத்தும் ஒரே சத்தத்தில் விழுந்தன, ஸ்ட்ரைக் என்பது அதுதான். அந்தச் சத்தத்துக்காகவே அலுவலகத்தில் நாளைக் கடத்தினேன் என்று சொன்னாலும் மிகையில்லை.

அந்த வருஷக் குளிர்காலத்தில் அலுவலகங்களுக்கிடையே ஒரு போட்டி அறிவித்தார்கள். இருவர் கொண்ட அணி. கிழக்கு வட்டத்தில் ஜெயிப்பவர்களுக்கு டெல்லியில் இறுதிப் போட்டி. அலுவலகமே விடுப்பும் ரயில் டிக்கெட்டும் தரும். தீதியும் நானும் பெயர் கொடுத்தோம். முதல் சுற்றுகள் எங்கள் கூடத்திலேயே நடந்தன. அந்த வறண்ட லேனில் வேறு யாருக்கும் பந்தை எங்கே போடுவதென்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். சுலபமாக ஜெயித்தோம்.

எனக்கு அது விளையாட்டுதான். தீதிக்கு அப்படி இல்லை என்று ஒரு போன் வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மாடியில் வெளியூர் அழைப்புகள் என் மேஜை போனுக்குத்தான் வரும். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு பெண் தீதியைக் கேட்டுக் கூப்பிடுவாள். கூப்பிட்டு அனுப்புவேன். தீதி வந்து சுவரைப் பார்த்து நின்றபடி தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போவார். அன்றைக்கு தீதி இடத்தில் இல்லை. அந்தப் பெண், "நீங்கதானே அம்மாவோட பௌலிங் ஆடற மாஷி?" என்று, சித்தியைக் கூப்பிடுவது போலக் கேட்டாள். "ஜெயிச்சுடுவீங்களா மாஷி? அம்மா டெல்லி வருவாளா?"

மறுநாள் மாலை, கூடத்துக்கு நடந்து போகும்போது தீதியே சொன்னார். மகள் டெல்லியில் படிக்கப் போனவள், அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தீதியின் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் அந்தப் பெண்ணின் பெயரை உச்சரிப்பதில்லை. இப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள்.

"திட்டுவாரா?" என்று கேட்டேன்.

"திட்டினா நானும் திட்டிடுவேன்," என்றார் தீதி. "அவர் குரலே உயராது. அவ பேச்சை எடுத்தா எழுந்து வேற ரூமுக்குப் போயிடுவார். ராத்திரி சாப்பிட மாட்டார். மறுநாள் பழையபடி டீ போட்டுக் கொண்டு வந்து குடுப்பார். இப்படியே நாலு வருஷம் ஆச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

ஆபீஸ் அனுப்பினால் போகலாம், கணவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, அங்கே போன பிறகு ஒரு சாயங்காலம் மகளோடு இருந்தால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்பதுதான் தீதியின் எண்ணம். அதைச் சொல்லிவிட்டு, "உன் பந்து நல்லாத் திரும்பறது. நீ பாத்துப்பே," என்று என் தோளைத் தட்டினார். அன்று மாலை நான் ஒரு ஸ்ட்ரைக் கூடப் போடவில்லை.

வட்டத்தின் இறுதிச் சுற்று ஒரு சனிக்கிழமை, பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பெரிய கூடத்தில். டாக்ஸியில் போய் இறங்கினோம். எங்களுக்கு முன்னாலேயே தீதியின் கணவர் வந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கம்பளி மேல்சட்டை, கழுத்தில் மஃப்ளர், மடியில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. அவர் வருவார் என்று தீதி சொல்லவில்லை. தீதிக்கே தெரியாது போலத்தான் இருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்று கைகூப்பினார். "உங்களைப் பத்தி இவள் சொல்லாத நாளே இல்லை. ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடணும்னு வாங்கிண்டு வந்தேன்," என்றார். இப்படி ஒருவரை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

லேனைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் தரையில் தண்ணீரில் விழுந்தது போல நீண்டு கிடந்தது. அன்று காலைதான் எண்ணெய் போட்டிருந்தார்கள், தாராளமாக. பயிற்சிக்குக் கொடுத்த சில நிமிஷங்களில் நான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று எப்போதும் போல வீசினேன். பந்து வலது ஓரம் வரை போயிற்று. திரும்பவில்லை. சாக்கடையில் விழுந்து, பின்களைத் தாண்டி, சத்தமில்லாமல் மறைந்தது. திரும்பி வந்த பந்தைத் துண்டால் துடைத்தபோது துண்டில் பட்டையாக எண்ணெய்க் கறை.

முதல் ஆட்டம் முழுவதும் நான் இடம் தேடினேன். வலது பக்கம் நகர்ந்தேன், வேகத்தைக் குறைத்தேன், மணிக்கட்டை இறுக்கினேன். பந்து ஒவ்வொரு முறையும் கடைசி நொடி வரை நம்பிக்கை கொடுத்துவிட்டு, பின்கள் பக்கமாகச் சாய்வது போலச் சாய்ந்து வலது பக்கமே நழுவிப் போயிற்று. தீதி இங்கேயும் பொதுப் பந்துகளில் லேசான ஆரஞ்சு ஒன்றையே எடுத்திருந்தார்; அதற்கு எண்ணெய் எதுவும் தெரியவில்லை. எங்கள் கூடத்தில் எப்படிப் போகுமோ அப்படியே இங்கேயும் போனது. எட்டு, ஒன்பது, மிச்சத்துக்கு அடுத்த பந்து. எங்களை அந்த ஆட்டத்தில் மூழ்காமல் வைத்திருந்தவர் அவர்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் இடம் கிடைத்தது. வலது பக்கம் தள்ளி நின்று, லேனின் நடுவாக மெதுவாக விட்டால், கடைசியில் காய்ந்த பகுதியில் ஒரு சின்ன வளைவு. அது போதும். வரிசையாக மூன்று ஸ்ட்ரைக். தீதி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் பின்னால் நின்று, சங்கீதக் கச்சேரியில் தட்டுவது போல நிதானமாகக் கை தட்டினார். எங்களுக்கும் அடுத்த அணிக்கும், அவர்கள் ஒரு வங்கியைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள், நல்ல இடைவெளி விழுந்துவிட்டது. மூன்றாவதுதான் கடைசி ஆட்டம். மூன்று ஆட்டங்களின் கூட்டுத்தொகையை வைத்து வெற்றி.

நடுவில் சாப்பாட்டு இடைவேளை. எங்கள் லேனில் வேறு அணிகள் ஆடின. திரும்பி வந்து முதல் பந்தை விட்டபோதே தெரிந்துவிட்டது. அதே இடம், அதே வேகம், அதே கை. பந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. எத்தனையோ பந்துகள் உருண்டு உருண்டு அந்தப் பாதையில் இருந்த எண்ணெயை வழித்துக்கொண்டு போயிருந்தன. நம் கூடத்து வறட்சிதானே, இது எனக்குத் தெரியுமே என்று இடது பக்கம் நகர்ந்தேன். அங்கே எண்ணெய் அப்படியே இருந்தது, வழுக்கிற்று. வழித்துக்கொண்டு போன எண்ணெயைப் பிளாஸ்டிக் பந்துகள் கடைசிப் பகுதியில் தீற்றியிருந்ததால், திரும்ப வேண்டிய இடத்திலும் சில சமயம் திரும்பவில்லை. இரண்டு விரல் அகலம் இங்கே விழுந்தால் ஒரு மாதிரி, அங்கே விழுந்தால் வேறு மாதிரி. கையை விட்டுப் போகும் வரைதான் பந்து என்னுடையது. அதற்கப்புறம் அது போய்ச் சேர எடுக்கும் அந்தச் சின்ன நேரம் நான் கோட்டுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இடைவெளி கரைந்தது. வாலிபர்கள் தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீதி தன் பங்கை முடித்தார். கடைசிக் கட்டம் எனக்கு. இரண்டு பந்தில் பத்துப் பின்களையும் வீழ்த்தினால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

தீதியின் ஆரஞ்சுப் பந்தை எடுத்தேன். நேராகப் போகிற பந்து. கட்டைவிரலைத் துளைக்குள் விட்டேன்; முதல் கணுவுக்கு மேல் இறங்கவில்லை. பக்கத்திலிருந்த மற்றப் பொதுப் பந்துகளையும் பார்த்தேன். ஒன்றில் விரல் லொடலொடவென்று ஆடியது, இன்னொன்று தூக்கவே முடியாத கனம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். தீதி என் பக்கத்தில் வந்து, "உன்னோடதுலயே போடு. ஒண்ணும் ஆகாது," என்றார்.

என் பந்தைத் துடைத்தேன். எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கடைசியாக நன்றாகப் போன இடத்தில் நின்று விட்டேன். கையிலிருந்து நன்றாகவே போயிற்று. அது உடம்புக்குத் தெரியும். பாதி தூரத்தில் சட்டென்று தரையைப் பிடித்தது. இடுக்கில் இடிக்க வேண்டியது தலைப் பின்னை நேர் நடுவில் இடித்தது. பலத்த சத்தம். எட்டுப் பின்கள் சிதறின. பின்வரிசையின் இடது மூலையில் ஒன்றும் வலது மூலையில் ஒன்றும் நின்றன. நடுவில் வெட்டவெளி.

அந்த இரண்டையும் ஒரே பந்தில் எடுக்க யாராலும் முடியாது என்றே சொல்லலாம். நான் போட்டேன். ஒன்றை எடுத்தேன். வாலிபர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தீதி பெஞ்சில் உட்கார்ந்து காலணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழவே இல்லை. அவர் கணவர் குனிந்து அவிழ்த்துவிட்டார். பிறகு என்னிடம் பெட்டியைத் திறந்து நீட்டினார். "வருத்தப்படாதீங்க. ரொம்ப நல்லா ஆடினீங்க. ஒரு விதத்துல நல்லதுதான். டெல்லி இப்போ என்ன குளிர், இவளுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும்."

சந்தேஷை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். தீதி தலையை நிமிர்த்தவே இல்லை.

திங்கட்கிழமை என் மேஜை போன் அடித்தது. எடுக்கும்போதே யாரென்று தெரியும். "தோத்துட்டோம்மா," என்றேன். "அம்மாவைக் கூப்பிட வேண்டாம் மாஷி. இப்போ பேசினா நான் அழுதுடுவேன்," என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி வாக்கில் ஒரு முடிவோடு தீதியின் வீட்டுக்குப் போனேன். என் மகளாக இருந்தால் என்று ஆரம்பித்து என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தீதியின் கணவர் கதவைத் திறந்து வரவேற்று, தானே டீ போட்டார். மீன் விலை பேசினார், மெட்ராஸில் தான் ஒரு முறை பார்த்த கடற்கரையைப் பற்றிப் பேசினார். ஒரு இடைவெளியில் நான், "பொண்ணுக்குப் பிரசவ சமயமாமே," என்றேன்.

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். எழுந்து பால்கனிக்குப் போனார். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது, அத்தனை செடிகள் அந்தப் பால்கனியில் இல்லை. தீதி சமையலறை வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், போ என்பது போல. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில், அவர் ராத்திரி சாப்பிடவில்லை என்று தீதி சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. செய்தி என் போனுக்குத்தான் வந்தது.

தீதி பௌலிங்குக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் சில மாதங்கள் தனியாகப் போனேன். பிறகு கூடத்தை எடுத்துவிட்டு அந்த மாடியில் துணிக்கடை வைத்தார்கள். பந்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பெருக்கும்போதெல்லாம் அம்மா அதைத் துடைப்பத்தால் நகர்த்திக்கொண்டு, "இதை யார்கிட்டயாவது குடுத்துத் தொலைக்கக் கூடாதோ," என்பாள்.

குழந்தைக்கு மூன்று வயதானபோது, பூஜைக்கு முந்தின வாரம், மகள் கல்கத்தா வந்தாள். சால்ட் லேக்கில் தன் சிநேகிதி வீட்டில் தங்கினாள். தீதி, வீட்டில் என்னோடு புடவை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார். கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில், மெத்தை விரித்த தரையில், கடைக்காரர் விரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவில் அவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பூஜைக் கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. தீதி குழந்தையைக் கூப்பிட்டார். அது வரவில்லை. தாயின் துப்பட்டாவுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

"திதிமாடா, உன் பாட்டி, போ," என்றாள் மகள்.

"இழுக்காதே," என்றார் தீதி. "அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் எழுந்து கீழே போய்த் தெருவில் நின்றேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவர்கள் இறங்கி வந்தார்கள். அதற்குள் குழந்தை தீதியின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. டாக்ஸி பிடித்து ஏற்றினோம். கதவை மூடும்போது அந்த விரலை அது விடவில்லை. மகள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

டாக்ஸி போன பிறகு தீதி என்னிடம், "ஏதாவது ஒரு புடவை வாங்கணும். வெறும் கையோட போக முடியாது," என்றார். மறுபடி மாடி ஏறினோம். கடைக்காரர் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார். தீதி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்கு எட்டிய ஒன்றைக் காட்டி, இதைக் கட்டிக் கொடுங்கள் என்றேன்.